ஆளுக்குப் பாதி

பிளாக் 19,
நெய்வேலி.
10.7.2025

செந்தாமரைக்கு,

என் நம்பரை நீ பிளாக் செய்து ஐந்து நாளாகிறது. உன் அண்ணன் போனிலிருந்து கூப்பிட்டாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். வடலூர் என்ன வெளிநாடா, பஸ் ஏறினால் வந்துவிடலாம். ஆனால் நிறைமதியை விட்டுவிட்டு இப்போது என்னால் தெருமுனைக்குக்கூடப் போக முடியாது. அதனால்தான் போஸ்ட் ஆபீசில் கவர் வாங்கி எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் படித்த பிறகு கிழி.

உன் தமிழ்மொழிக்கு மறுபடி இழுப்பு அதிகமாகிவிட்டது என்று, சனிக்கிழமை மருந்து முகாம் முடிந்து வந்து, என் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றுகொண்டு, பக்கத்து வீடு எதிர் வீடு எல்லாம் கேட்கக் கத்தினாய். "நீங்க கலக்கவே இல்ல அண்ணி. என்னை ஹால்ல குந்த வச்சிட்டு, உள்ளார போயி உங்க பாட்டிலை உங்களுக்கே ஊத்திகினீங்க." நானும் பதிலுக்குப் பேசினேன், இல்லை என்று சொல்லவில்லை. நீ உன் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாய். ஆறு மாதத்தில் முதல் முறையாக இந்த மாதம்தான் நாம் கலக்கவில்லை.

ஞாயிறு காலை எப்போதும்போல் நிறைமதிக்கு நாக்குக்கு அடியில் ஐந்து சொட்டு விட்டேன். "வாயெல்லாம் அரிக்குதும்மா" என்றாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட ஏதோ சொல்கிறாள் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஏது பள்ளிக்கூடம்? அந்தப் புத்திகூட எனக்கு வரவில்லை. திங்கள் மறுபடி அரிப்பு. செவ்வாய் சொட்டு விட்டுப் பத்து நிமிடம் ஆகவில்லை, உதடு வீங்கி மூக்கைத் தொட்டது. இழுப்பு வந்தது. பம்ப் அடித்தேன், நிற்கவில்லை. உன் அண்ணன் ஷிப்டில் இருந்தார். எதிர் வீட்டுக்காரர் வண்டியில் நடுவில் அவளை வைத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி போட்டு, நெபுலைசர் வைத்து, மத்தியானத்துக்கு மேல்தான் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். இப்போது நன்றாக இருக்கிறாள். பயப்படாதே.

மறுநாள் பாண்டிச்சேரியிலிருந்து ஆராய்ச்சி டாக்டர் மணிமாறன் வந்தார், கூடவே ருக்குமணி சிஸ்டரும். "ஜனவரியிலேர்ந்து இதே அளவுதானே கொடுக்கிறீங்க? இத்தனை நாள் ஒண்ணும் ஆகலை, இப்ப மட்டும் ஏன்? மருந்துல ஏதாவது மாத்தம் உண்டா?" என்று கேட்டார். நான் "இல்லை சார்" என்றேன். எச்சில்கூட விழுங்காமல் சொன்னேன்.

அவருக்குத் தெரியவில்லை. உனக்கும் எனக்கும் தெரியும். இத்தனை நாள் அவளுக்குப் போனது பாதி. ஞாயிற்றுக்கிழமை திடீரென்று முழுசாகப் போனது.

நாம் சேர்ந்த அன்று சிஸ்டர் சொன்னது நினைவிருக்கிறதா? மெத்தையிலும் தலையணையிலும் இருக்கும் தூசிப்பூச்சிதான் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகவில்லை, அதையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து உடம்பைப் பழக்கும் மருந்து இது என்றார். நாற்பது பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் தண்ணீர், யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது என்றார். அன்று சாயங்காலம் என் சமையலறையில் நீதான் கேட்டாய்: "ஒரே வூட்டுப் புள்ளைங்க. ஒண்ணுக்கு மருந்து, ஒண்ணுக்குத் தண்ணின்னா இது இன்னா நியாயம் அண்ணி?" நான்தான் எவர்சில்வர் டம்ளரில் வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் வந்தால்கூடச் சுளையை எண்ணித்தானே பிரிப்போம். இரண்டு பாட்டிலையும் டம்ளரில் ஊற்றிக் கலந்து ஆளுக்குப் பாதி. இரண்டுமே மருந்தாக இருந்தால் நல்லது, ஒன்று மட்டும் மருந்து என்றாலும் இரண்டு பிள்ளைக்கும் கொஞ்சமாவது கிடைக்குமே என்றுதான் செய்தோம். தப்பு என்று தோன்றவே இல்லை.

சிஸ்டர் உன்னிடமும் வருவார். சொல்லிவிடாதே. சொன்னால் இரண்டு பிள்ளைகளையும் ஆய்விலிருந்து நீக்கிவிடுவார்கள்.

இன்னொன்று. எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கசக்கிவிட்டேன். இப்படி ஆனதால் நிறைமதியின் ரகசிய எண்ணை மட்டும் திறந்து பார்த்தார்களாம். அவளுடையது மருந்துதான்.

திலகவதி


வடலூர்.
15.7.2025

அண்ணிக்கு,

கடிதம் நேற்று வந்தது. கிழிக்கவில்லை.

நிறைமதிக்கு உதடு வீங்கியது என்று படித்ததும் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டேன். அவள் என் அண்ணன் மகள், என் இடுப்பில் வளர்ந்தவள். அவள் விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. மிச்சம் எல்லாவற்றிலும் உண்டு.

ஆக, உங்களுடையது மருந்து. எங்களுடையது தண்ணீர். அதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் நான் கண்டுபிடித்துவிட்டேன். என் பாட்டிலிலும் மருந்து இருந்திருந்தால், கலந்தபோதும் நிறைமதிக்கு முழு மருந்துதானே போயிருக்கும்? இப்போது புதிதாக ஏன் வீங்கப்போகிறது? நான் பத்தாவதுதான், ஆனாலும் இது புரிகிறது. நான் அன்று பெரிய இவளைப் போலப் பிடுங்கிக்கொண்டு வந்தது வெறும் தண்ணீர் பாட்டில். பஸ்ஸில் மடியில் வைத்து, உடையாமல், புடவையால் மூடிக்கொண்டு வந்தேன் அண்ணி.

எங்கப்பா நிலம் சுரங்கத்துக்குப் போனபோது வீட்டுக்கு ஒரு வேலை வந்தது. அது அண்ணனுக்கு. குவார்ட்டர்ஸும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அதோடு வந்தது. நான் வாயே திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் பதினோரு வருஷமாகக் கான்ட்ராக்ட். இப்போது ஆராய்ச்சிக்காரர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு குலுக்கி எடுத்தார்கள். அதிலும் உங்களுக்கே விழுந்தது. குலுக்கல் சீட்டுகூடப் பர்மனென்ட் வீடு பார்த்துத்தான் விழும் போல.

நீங்கள் சரியாகக் கலக்கவில்லை என்று சொன்னது என் தப்பு. ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் ஏமாற்றியிருந்தால் நிறைமதிக்கு முதலிலிருந்தே முழு மருந்து போயிருக்கும், இப்போது ஒன்றும் ஆகியிருக்காது. அந்த வீங்கின உதடே உங்களுக்குச் சாட்சி. ஆனால் மன்னிப்பு கேட்க மாட்டேன். "உன் வீட்டுத் துணித் தூசியில எந்த மருந்துதான் நிக்கும்" என்று அன்று நாக்கில் நரம்பில்லாமல் கேட்டீர்களே, அதை நீங்கள் இன்னும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. தமிழ்மொழிக்கு வீசிங் என்று தெரிந்த நாளிலிருந்து நான் வீட்டில் தையல் மிஷினே போடுவதில்லை. கடையிலேயே தைத்துவிட்டு, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அவளைத் தொடுகிறேன்.

சிஸ்டர் இன்று காலை வந்தார். "எதனா மாத்துனீங்களா?" என்றார். "ஒண்ணும் மாத்தலக்கா" என்றேன். உங்களுக்காகச் சொல்லவில்லை. ஆய்வு முடிந்ததும் தண்ணீர் வந்த பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் நிஜ மருந்து கொடுப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்களே, அதற்காகச் சொன்னேன். கடைசிவரை இருக்கும் பிள்ளைக்குத்தான் அது. இனி அது என் பிள்ளைக்கு மட்டும் வரப்போவது. அதில் கை வைத்தால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

செந்தாமரை


நெய்வேலி.
24.7.2025

செந்தாமரை,

துணித் தூசி என்று சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அன்று வாசலில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற ஆத்திரத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்து வீசினேன். நீ தலைக்குக் குளித்த ஈரத்தோடு பிள்ளையைத் தூக்குவதை நானே பார்த்திருக்கிறேன். தெரிந்தே சொன்னேன். அதுதான் என்னைக் குடைகிறது.

உன்னிடம் சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது. ஏப்ரல் மாதம் நிறைமதி ஸ்போர்ட்ஸ் டேயில் ஓடினாள் அல்லவா? அடுத்த முகாமில் இரண்டு பாட்டிலும் கையில் வந்தபோது, என் பாட்டில்தான் மருந்து போலிருக்கிறது, இந்த மாதம் கலக்காமல் விட்டால் என்ன என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நீ ஹாலில் தமிழ்மொழிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாய். கலந்துவிட்டேன், சத்தியமாகக் கலந்துவிட்டேன். ஆனால் நினைத்தேன். நீ கத்தியபோது எனக்கு அவ்வளவு கோபம் வந்ததற்கு அதுதான் காரணம்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். நாற்பது பிள்ளைகளுக்கும் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டார்கள். உங்கள் பக்கமும் வந்து பாட்டிலை வாங்கிக்கொண்டு போயிருப்பார்களே. "ஒரு பிள்ளைக்கு ஆறாவது மாசம் இப்படி ஆச்சுன்னா மத்தவங்களுக்கும் ஆகலாம், காரணம் தெரியாம கொடுக்கக் கூடாது" என்று டாக்டர் சொன்னார். அவர் சொல்வதில் என்ன தப்பு? அவரிடம் காரணத்தை மறைத்து வைத்திருப்பவள் நான்.

பிளாக் 21-இல் இருக்கும் தனபாக்கியத்தை உனக்குத் தெரியும், முகாமில் வரிசையில் நமக்கு முன்னால் நிற்பாள். அவள் மகள் நான்கு வருஷமாக ஜமுக்காளத்தை விரித்தாலே மூச்சுத் திணறுகிறவள். இந்த வருஷம்தான் ஒரு நாள்கூட ஆஸ்பத்திரியில் படுக்கவில்லையாம். திங்கட்கிழமை நிறைமதியைப் பார்க்க ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தாள். "உங்க பொண்ணுக்கு ஆனது யாருக்கும் ஆகக் கூடாதுங்க. ஆனா எங்களுக்கு நிறுத்திட்டாங்களே, இனி என்னங்க பண்றது?" என்று கேட்டு என் சோபாவில் உட்கார்ந்து அழுதாள். அந்த ஆப்பிளை நறுக்கி அவளுக்கே கொடுத்தேன். அவள் போன பிறகு திரைச்சீலை எல்லாவற்றையும் கழற்றித் துவைத்தேன். துவைத்தது காய்வதற்குள் மெத்தை உறையைக் கழற்றினேன். உன் அண்ணன் வந்து "வீட்டை காலி பண்றோமா?" என்று கேட்டார். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. போட்ட காபி ஆறிப்போகிறது. டாக்டர் நம்பரை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைக்கிறேன்.

சொல்லிவிடலாமா, செந்தாமரை? நீ சரி என்றால்தான் சொல்வேன். உன் பிள்ளை சம்பந்தப்பட்டது.

அண்ணி


வடலூர்.
29.7.2025

அண்ணி,

கூடாது.

உங்களுக்கென்ன, நிறைமதியை எப்படியும் எடுத்துவிட்டார்கள். அவளுக்கு இனி அந்த மருந்தே கிடையாது. இழப்பதற்கு உங்களிடம் ஒன்றுமில்லை, அதனால் மனசாட்சி பேசுகிறது. என்னிடம் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதையும் போட்டு உடைத்துவிட்டு நீங்கள் நிம்மதியாகக் காபி குடிக்க வேண்டுமா?

தமிழ்மொழிக்குப் போன வாரம் இரண்டு முறை இழுத்தது. வகுப்பு டீச்சர், "இவளை வூட்டுக்குக் கூட்டிகினு போங்க, மத்த புள்ளைங்க பயப்படுதுங்க" என்று போன் செய்தார். நான் போனபோது அவள் கடைசி பெஞ்சில் பையைக் கட்டிக்கொண்டு, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "நான் ஓடவே இல்லம்மா" என்றாள். திட்டுவேன் என்று நினைத்திருக்கிறாள்.

தனபாக்கியம் அழுதாள் என்று எழுதுகிறீர்கள். நான் எந்த சோபாவில் உட்கார்ந்து அழுவது?

நீங்கள் சொன்னால் நமக்குள் அவ்வளவுதான். அண்ணன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். நான் சொன்னால் செய்கிறவள் என்று உங்களுக்குத் தெரியும்.

நிறைமதிக்கு உதட்டில் தழும்பு ஏதும் இல்லையே?

செந்தாமரை


நெய்வேலி.
2.8.2025

செந்தாமரை,

சரி. சொல்லவில்லை.

தழும்பு இல்லை. அத்தை எப்போது வரும் என்று தினமும் கேட்கிறாள். முந்தானையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பின்னாலேயே வந்து கேட்கிறாள்.

அண்ணி


நெய்வேலி.
11.8.2025

செந்தாமரை,

சனிக்கிழமை கூட்டத்துக்கு நீ வரவில்லை. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றே வரவில்லையா, கடையில் விடவில்லையா, தெரியவில்லை. அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன்.

டாக்டர் மணிமாறன் எல்லா அப்பா அம்மாவையும் உட்கார வைத்துப் பேசினார். மருந்தை மறுபடி தொடங்கப்போகிறார்கள், செப்டம்பர் முகாமிலிருந்து. ஆனால் அளவைக் குறைத்து. "ஒரு பிள்ளைக்கு இந்த அளவு தாங்கலை, அதனால இனி எல்லாருக்கும் அரை அளவுதான்" என்றார். சுற்றி எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். பாவம் என்று பார்த்தார்கள்.

ஒருவர் எழுந்து, "அரை அளவுல வேலை செய்யுமாங்க?" என்று கேட்டார். டாக்டர், "தெரியாது. முழு அளவைத்தான் நாங்க சோதிச்சுக்கிட்டிருந்தோம்" என்றார்.

நம் இரண்டு பிள்ளைகளுக்கு நாம் செய்ததை இப்போது நாற்பது பிள்ளைகளுக்கும் செய்யப்போகிறார்கள். கூட்டம் முடிந்து எல்லோரும் செருப்பு போடும்போது நான் மட்டும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். சிஸ்டர் வந்து தண்ணீர் பாட்டில் கொடுத்தார்.

உனக்குக் கொடுத்த வார்த்தையை மீறிவிட்டேன். பாதி மீறிவிட்டேன் என்று வைத்துக்கொள். இன்று காலை டாக்டருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினேன். நிறைமதியின் மருந்தில் மாதாமாதம் பாதியைக் கொட்டிவிட்டு, அந்த அளவுக்குக் கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றிவைத்தேன், மருந்து சூடு என்று பயந்து நானே செய்தேன், ஜூலை மாதம் மட்டும் அப்படிச் செய்யவில்லை, அதனால்தான் அவளுக்கு வீங்கியது, மற்ற பிள்ளைகளுக்கு அளவைக் குறைக்க வேண்டாம் என்று எழுதினேன்.

உன் பெயர் அதில் இல்லை. தமிழ்மொழி பெயர் இல்லை. டம்ளர் இல்லை. கேட்டால் நீ எப்போதும் சொன்னதையே சொல்: ஒன்றும் மாற்றவில்லை. அவள் கடைசிவரை இருக்கட்டும், ஒரு வருஷ மருந்தை வாங்கிக்கொள்ளட்டும். என்னைத் திட்டுவார்கள், திட்டட்டும். படித்தவள், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள், இப்படிச் செய்தாளே என்பார்கள். உன் அண்ணனிடமும் இதையேதான் சொன்னேன். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

நிலத்துக்கு வந்த வேலையை என்னால் இரண்டாக்க முடியாது, தாமரை. இதையாவது உனக்கு முழுசாகக் கொடுக்கிறேன்.

அண்ணி


வடலூர்.
21.8.2025

அண்ணி,

உங்கள் கடிதம் சுதந்திர தினத்துக்கு முதல் நாள் வந்தது. கடையில் தையலுக்கு நடுவில் படித்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஊசியைக் கையில் குத்திக்கொண்டேன், அது வலிக்கக்கூட இல்லை. சாயங்காலம் தமிழ்மொழிக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். "இன்னைக்கு என்னம்மா விசேஷம்?" என்று கேட்டாள். "உங்க அத்தை இருக்காங்களே" என்று மட்டும் சொன்னேன்.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய நோட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தினம் காலையில் மூச்சின் வேகத்தை அளக்கிற அந்த மீட்டரில் ஊதிவிட்டு எழுதுகிற நோட்டு. ஜனவரியில் நூற்று நாற்பது, நூற்று நாற்பத்தைந்து. மார்ச்சில் நூற்று எழுபது. மே மாதம் இரண்டு நாள் இருநூறு. பக்கம் பக்கமாக ஏறிக்கொண்டே போகிறது. ஜூன் கடைசியில்தான் விழுந்தது. நல்ல நோட்டு, அண்ணி. அதுதான் வினை.

சேர்ந்த அன்று சிஸ்டர் மேஜை மேல் இரண்டு தட்டு வைத்து விளக்கினாரே. இந்தத் தட்டில் மருந்து குடித்த பிள்ளைகளின் நோட்டு, அந்தத் தட்டில் தண்ணீர் குடித்த பிள்ளைகளின் நோட்டு. கடைசியில் இரண்டையும் ஒத்துப் பார்ப்போம், மருந்துத் தட்டு நன்றாக இருந்தால்தான் மருந்து நல்லது என்று அர்த்தம் என்றார். தமிழ்மொழியின் நோட்டு எந்தத் தட்டில் போகும்? தண்ணீர்த் தட்டில். ஆனால் அவள் குடித்தது தண்ணீர் இல்லையே, உங்கள் மருந்தில் பாதி ஆயிற்றே. தண்ணீர் குடித்த பிள்ளைக்கே இவ்வளவு நல்லாகியிருக்கிறது, அப்புறம் மருந்து எதற்கு என்றுதானே எழுதுவார்கள்? தட்டுக்கு இருபது நோட்டுதான். அதில் ஒன்று பொய்.

மருந்து உபயோகமில்லை என்று எழுதி மூடிவிட்டால், என் பிள்ளைக்கு ஒரு வருஷம் எதைக் கொடுப்பார்கள்? அதற்குப் பிறகு எதைக் கொடுப்பார்கள்? இதுபோல இழுத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மற்ற பிள்ளைகளுக்கு? நீங்கள் எனக்கு முழுசாகக் கொடுத்தீர்கள். அதை வாங்கிக்கொண்டால் அந்த மருந்தை நானே கொன்றவள் ஆகிவிடுவேன்.

மூன்று நாள் இதே யோசனை. இதெல்லாம் எனக்கெதற்கு, நான் என்ன டாக்டரா, பேசாமல் இருடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தமிழ்மொழி தூங்கும்போது மூச்சை எண்ணினேன். எண்ணிக்கொண்டே, சொல்ல மாட்டேன் என்றேன். மறுநாள் காலையில் அவளுக்குத் தலை வாரிக்கொண்டே, சொல்லத்தான் வேண்டும் என்றேன். அவள் "யார்கிட்டம்மா பேசிகினு இருக்கே?" என்றாள்.

நேற்று கடைக்கு லீவு சொல்லிவிட்டு, கடலூரில் பஸ் மாறி, அவளையும் அழைத்துக்கொண்டு பாண்டிச்சேரி போனேன். டாக்டர் உடனே கூப்பிட்டார். உங்கள் கடிதத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானாகத்தான் ஆரம்பித்தேன். "எங்க அண்ணி எழுதுனது முக்கால்தான் சார். மிச்சத்தை நான் சொல்றேன்" என்றேன். டம்ளரைச் சொன்னேன். ஆளுக்குப் பாதி என்று முதலில் கேட்டது நான்தான் என்று சொன்னேன். அண்ணி எதையும் கொட்டவில்லை, பயந்து செய்யவில்லை, என் பிள்ளைக்குக் கொடுத்தார்கள் என்று சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதைச் சொன்னா உங்க பொண்ணு ஆய்வுல இருக்க முடியாது. அந்த ஒரு வருஷ மருந்தும் கிடையாது. தெரியுமாம்மா?"

"தெரிஞ்சிதான் சார் ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்."

கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்தார். "ரெண்டு பேரும் ஒரே குடும்பம்னு எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் இப்படி நடக்கும்னு எங்களுக்குத் தோணவே இல்லை" என்றார். நான் சொன்னதை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னார். தையல் அளவு எழுதுகிற கை, கோணல்மாணலாக ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அதை ஆய்வுக் கமிட்டிக்கு அனுப்புவாராம். அவர்கள் முடிவு செய்கிறவரை அரை அளவு கொடுக்கப்போவதில்லை, பழைய அளவே வர வாய்ப்பு அதிகம் என்றார். தனபாக்கியத்திடம் நீங்கள் சொல்லலாம். தமிழ்மொழி வழக்கமான பம்பைத் தொடர வேண்டும், எப்போது வேண்டுமானாலும் தன்னிடம் காட்டலாம் என்றும் சொன்னார். ஜூனில் அவளுக்கு மோசமானது எதனால் என்று சொல்ல முடியாதாம். நான் அதற்காக உங்களைச் சண்டைக்கு இழுத்ததை அவரிடம் சொல்லவில்லை.

நீங்கள் எனக்காகச் சொன்ன பொய்யை நான் உடைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, போனில் திட்டுங்கள், பிளாக்கை எடுத்துவிட்டேன். அண்ணனிடம் உண்மையை நான் சொல்கிறேன், நீங்கள் சொன்னால் நம்ப மாட்டார்.

வெளியே வந்தபோது, முகாமில் செய்கிற பழக்கத்தில் தமிழ்மொழி நேராக ருக்குமணி சிஸ்டர் மேஜைக்கு ஓடி, மீட்டரை எடுத்துக் கன்னம் உப்ப ஊதிவிட்டாள். "நூத்தித் தொண்ணூறு!" என்று கத்தினாள். சிஸ்டர் சிரித்துக்கொண்டே நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். அப்புறம் கண்ணாடிக் கதவு வழியாக டாக்டரைப் பார்த்தார். பேனாவை மூடிவைத்தார்.

"எழுதிக்கங்கக்கா" என்றாள் இவள்.

சிஸ்டர் அவள் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தார். எழுதவில்லை. "ஏன் எழுதல, நான் சரியா ஊதலையா?" என்று வடலூர் வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள். அதனால் இங்கே எழுதுகிறேன். உங்கள் கையெழுத்து நன்றாக இருக்கும், நீங்களும் எங்காவது குறித்துவையுங்கள்.

தமிழ்மொழி, 20.8.2025, நூற்றுத் தொண்ணூறு.

செந்தாமரை